ஐந்தே கால் லட்சம் பேர்

"வெளியுறவுக் கொள்கையெல்லாம் டெல்லிக்காரங்க சமாச்சாரம்ணா. நமக்குப் பட்டா வாங்கவே நேரம் பத்தல." எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு தம்பி இப்படிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். ஆனால் அவர் இதைச் சொன்ன இடம் முத்தாபுதுப்பேட்டை. இங்கே விமானப்படை நிலையத்தைச் சொல்லாமல் யாருக்கும் வழி சொல்ல முடியாது. கொஞ்சம் தள்ளி ஆவடியில், 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை. 1965இல் முதல் விஜயந்தா டாங்கு அங்கிருந்துதான் வெளியே வந்தது. பட்டாபிராமில் ஒரு ரயில் நிலையத்தின் பெயரே மிலிட்டரி சைடிங். தெற்கே போனால் பூந்தமல்லி. அந்த ஊர் இந்தக் கதையில் பிறகு வரும். பாதுகாப்பு என்ற பெயரில் டெல்லி எடுத்த முடிவுகளின் மேல்தான் இந்த வட்டாரத்தின் நிலமும் வேலையும் நிற்கின்றன.

அந்தத் தம்பி கேட்டதற்குப் பதிலாகவே இதை எழுதுகிறோம். சேரிக்கும் வெளியுறவுக் கொள்கைக்கும் சம்பந்தம் உண்டா? அண்ணல் அம்பேத்கர் உண்டென்றுதான் நினைத்தார். 1951 அக்டோபர் 10 அன்று அவர் வெளியிட்ட பதவி விலகல் அறிக்கையை இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்காக மட்டுமே நம்மில் பலர் நினைவில் வைத்திருக்கிறோம். அதில் பட்டியல் சாதியினர் புறக்கணிக்கப்படுவது ஒரு காரணம். வெளியுறவுக் கொள்கை இன்னொரு காரணம். ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாயில் 180 கோடியை ராணுவத்துக்குச் செலவழிக்கிறோம், நண்பர்களைச் சேர்க்கத் தெரியாத கொள்கையின் விலை இது என்று அவர் கணக்குச் சொன்னார். 1954 ஆகஸ்டில் மாநிலங்களவையில் பஞ்சசீலத்தையும் திபெத் விஷயத்தில் நேரு எடுத்த நிலையையும் கடுமையாக விமர்சித்தார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்வியை நாம் விட்டுவிடக் கூடாது: நாட்டின் பாதுகாப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

அந்தக் கேள்வியோடு ஓர் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்ப்போம்.

1964 அக்டோபர் 30. டெல்லியில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இலங்கை மலையகத்தில் குடியுரிமை இல்லாமல் இருந்தவர்கள் 9,75,000 பேர் என்று வைத்துக்கொண்டார்கள். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது. எல்லாவற்றையும் 15 ஆண்டுகளில் முடிப்பது. கையெழுத்திட்டவர்களில் தோட்டத் தொழிலாளர் தரப்பு ஒருவர்கூட இல்லை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் தொண்டமான் இதை எதிர்த்தார். அவரே தோட்ட உடைமையாளர்தான் என்பது வேறு கதை.

யார் இந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேர்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் காப்பிக்கும், பிறகு தேயிலைக்கும் திருச்சி, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன மக்களின் வாரிசுகள். பஞ்சமும் பண்ணையார் கடனும் துரத்தித்தான் அவர்கள் கடல் கடந்தார்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியில் நடந்தே போனவர்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் அந்த வழியிலேயே கிடந்தார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் பள்ளர், பறையர், அருந்ததியர். கங்காணிகளில் பலர் ஊர்த்தெருவைச் சேர்ந்தவர்கள். ஊரில் இருந்த சாதி லயத்து வீடுகளின் வரிசையிலும் தொடர்ந்தது. யார் எந்த லயத்தில், கோயிலில் யார் எவ்வளவு தூரத்தில் என்பதெல்லாம் அங்கேயும் இருந்தது. ஆக, 1964இல் டெல்லியில் பேரம் பேசப்பட்டது பெரும்பாலும் நம் சனங்களைப் பற்றி. பாடப்புத்தகம் 'இந்திய வம்சாவளித் தமிழர்' என்று சொல்லி இதைக் கடந்துவிடும். அந்தப் பெயருக்குள் இருக்கும் சேரியை நாம்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

அவர்கள் எப்படிக் குடியுரிமை இழந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஒப்பந்தம் புரியாது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர் ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. துரைமாருக்கும் கொழும்பின் பணக்கார அரசியல்வாதிகளுக்கும் இது பிடிக்கவில்லை. சுதந்திரம் கிடைத்த 1948லேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பா இலங்கையில் பிறந்தார் என்பதற்கு, அல்லது அப்பாவைப் பெற்றவரும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்தார்கள் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். லயத்து அறையில் பிறந்தவருக்கு எங்கே அத்தாட்சி? அடுத்த ஆண்டு ஓட்டுரிமையும் போனது. 1948 சட்டத்தை எதிர்த்து ஓட்டுப்போட்ட யாழ்ப்பாணத் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் சில வாரங்களில் அதே அரசில் அமைச்சரானார். செல்வநாயகம் இந்த விவகாரத்தில் பிரிந்து வந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 'தமிழர்' என்ற ஒரே சொல்லுக்குள் நிலம் உள்ளவனும் நிலமற்றவனும் ஒரே அளவுக்குப் பாதுகாப்பாக இல்லை என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

நேருவின் நிலை இதில் தெளிவாக இருந்தது. 1939இல் இந்தியத் தொழிலாளர்களை இலங்கை அரசு வேலையிலிருந்து நீக்கத் தொடங்கியபோது அவர் நேரிலேயே போய்ப் பேசினார். பிரதமரான பிறகும், அங்கேயே பிறந்து உழைத்தவர்கள் இலங்கையின் பொறுப்பு என்றும், தானாக விரும்பி விண்ணப்பிப்பவருக்கு மட்டும் இந்தியக் குடியுரிமை என்றும் சொல்லிவந்தார். 1954இல் கொத்தலாவலையோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். அதுவும் இழுபறியிலேயே நின்றது. ஆனால் இத்தனை லட்சம் பேரை அனுப்பு, எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் எண்ணிக்கை பேசவில்லை.

அந்த நிலை எப்போது மாறியது என்று நாட்காட்டியைப் பாருங்கள். 1962 அக்டோபரில் சீனாவுடன் போர், தோல்வி. டிசம்பரில் கொழும்பில் ஆறு நாடுகளைக் கூட்டிச் சமரசம் பேசியவர் சிறிமாவோ. 1952லேயே ரப்பருக்கு அரிசி என்று சீனாவோடு ஒப்பந்தம் செய்திருந்த நாடு இலங்கை. 1963இல் சீனாவோடு கடல்வழிப் போக்குவரத்து ஒப்பந்தமும் செய்தது. 1964 மே மாதம் நேரு இறந்தார். ஜூனில் சாஸ்திரி பதவி ஏற்றார். அக்டோபர் தொடக்கத்தில் கெய்ரோவில் அணிசேரா நாடுகள் மாநாடு. அக்டோபர் 14 அன்று மாஸ்கோவில் குருஷ்சேவ் பதவி இழந்தார். இந்தியா நம்பியிருந்த ஆள் போய்விட்டார். அக்டோபர் 16 அன்று சீனா தன் முதல் அணுகுண்டைச் சோதித்தது. சரியாகப் பதினான்கு நாள் கழித்து டெல்லியில் இந்தக் கையெழுத்து.

மேற்கே பாகிஸ்தான், வடக்கே அணுகுண்டோடு சீனா. தெற்கிலாவது ஒரு நட்பு நாடு வேண்டும், திருகோணமலைத் துறைமுகம் வேறு யார் கைக்கும் போகக் கூடாது. அன்றைய டெல்லியின் கவலை இதுதான் என்றே நாங்கள் வாசிக்கிறோம். கவலை பொய்யான கவலை என்று சொல்ல மாட்டோம். ஆனால் அதற்குக் கொடுத்த விலை காஷ்மீரில் ஓர் அங்குலமோ கஜானாவிலிருந்து ஒரு தொகையோ இல்லை. ஐந்தே கால் லட்சம் மனிதர்கள்.

இந்த ஒப்பந்தத்துக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு, அதையும் நேர்மையாகப் பார்ப்போம். ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஒன்பதே முக்கால் லட்சம் பேரும் நாடற்றவர்களாகவே கிடந்திருப்பார்கள், 3 லட்சம் பேருக்காவது இலங்கையில் உரிமை கிடைத்ததே என்பார்கள். அது உண்மைதான். ஆனால் விண்ணப்பம் கேட்டபோது என்ன நடந்தது என்று பாருங்கள். இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் ஒப்பந்தம் ஒதுக்கிய 3 லட்சத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் போனார்கள். இந்தியாவுக்கு வர விண்ணப்பித்தவர்கள் 5,25,000ஐ எட்டவே இல்லை. முன்கூட்டியே ஒரு தடவை அவர்களைக் கேட்டிருந்தால் இந்த எண்கள் இப்படி வந்திருக்காது. கேட்க வேண்டும் என்று இரண்டு அரசுகளுக்கும் தோன்றவில்லை.

கேட்காமல் விடுவது புதிதும் இல்லை. 1947 டிசம்பரில் அம்பேத்கர் நேருவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாகிஸ்தானிலிருந்து வெளியேற நினைத்த பட்டியல் சாதி மக்களை அங்குள்ள அரசு விடவில்லை. துப்புரவு வேலை அத்தியாவசியப் பணி என்று சட்டம் காட்டி அவர்களைப் பிடித்து வைத்தது. இந்திய அரசும் அவர்களை மீட்பதில் அக்கறை காட்டவில்லை என்பதுதான் அவருடைய புகார். கராச்சியில் இந்தியத் தூதராக இருந்த ஸ்ரீபிரகாசா இதைப் பற்றிக் கேட்டபோது, அவர்கள் போய்விட்டால் தெருவைக் கூட்டுவது யார் என்ற பதில்தான் கிடைத்தது. கராச்சியில் வேலைக்குத் தேவை, போகக் கூடாது. நுவரெலியாவில் ஓட்டுக்கு ஆபத்து, போய்விட வேண்டும். எதிரெதிர் முடிவுகள் போலத் தெரியும். இரண்டிலும் நம் மக்களின் சம்மதம் என்று ஒன்று யாருக்கும் தேவைப்படவில்லை.

ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த விதம் இன்னும் கொடுமை. 5,25,000க்கு 3,00,000 என்றால் 7க்கு 4. அதிகாரிகள் அந்த விகிதத்தையே பிடித்துக்கொண்டார்கள். ஏழு பேர் இந்தியாவுக்கு என்றால் நான்கு பேருக்கு இலங்கைக் குடியுரிமை. ஒருவருடைய உரிமை இன்னொருவர் கப்பல் ஏறுவதைப் பொறுத்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியா, தங்கை இலங்கை என்று பிரிந்தார்கள். புருஷன் ஒரு நாட்டுப் பிரஜை, பெண்டாட்டி இன்னொரு நாட்டுப் பிரஜை என்று ஆன வீடுகளும் உண்டு. 1972 முதல் 1975 வரை தோட்டங்களை இலங்கை அரசு எடுத்துக்கொண்டது. அதே காலத்தில் மலையகத்தில் பஞ்சம். 1974 வாக்கில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள். போகமாட்டோம் என்று இருந்தவர்களும் அப்போது போகிறோம் என்றார்கள். இதைத்தான் கோப்புகளில் 'விருப்பத்தின் பேரில் தாயகம் திரும்பியவர்கள்' என்று எழுதினார்கள்.

பழைய தனுஷ்கோடித் துறை, ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் முடிவதற்குள் 1964 டிசம்பர் புயலில் அழிந்துபோயிருந்தது. அதனால் தலைமன்னாரில் ஏறியவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். பிறகு மண்டபம் முகாம். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குப் போகிறவர்களை நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்து அனுப்பிய அதே மண்டபம். தாத்தா போன வாசல் வழியாகப் பேரன் உள்ளே வந்தான்.

அவர்களை இங்கே என்ன செய்வது என்பதற்கும் திட்டங்கள் இருந்தன. நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. 1976இல் அது டான்டீ என்ற கழகமானது. 1969இல் சென்னையில் தாயகம் திரும்பியோருக்கான கூட்டுறவு வங்கியான ரெப்கோ வந்தது. கேரளத்தின் புனலூரிலும் கர்நாடகத்தின் சுள்ளியாவிலும் ரப்பர் தோட்டங்கள். இதெல்லாம் ஒரு பகுதியினருக்குத்தான் கிடைத்தது. மற்றவர்களுக்குச் சிறு தொழில் கடன் என்று ஒரு தொகை. கடை நடத்தியே பழகாதவருக்குக் கடை வைக்கக் கடன். நிலமே இல்லாத பரம்பரையில் வந்தவரிடம், உன் சொந்த ஊருக்குப் போ என்றார்கள். சொந்த ஊரில் அவருக்கு இருந்தது சாதி மட்டும்தான். கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் குத்தகைகளில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்கள் உண்டு. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் இன்றும் அவர்களுக்கு 'சிலோன்காரங்க' என்றுதான் பெயர். அங்கே இருந்தபோது 'கள்ளத்தோணி'. இங்கே வந்த பிறகு 'சிலோன்காரன்'.

ஒரு விஷயத்தை இங்கே கொஞ்சம் கசப்போடு சொல்ல வேண்டியிருக்கிறது. 1974 என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் கச்சத்தீவு ஞாபகம் வரும். ஜூன் மாதம் அந்தத் தீவு இலங்கைக்குப் போனது. தேர்தல் வந்தால் ஒவ்வொரு மேடையிலும் அது ஒலிக்கும். அதே 1974இன் ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் இன்னோர் ஒப்பந்தம் செய்தார்கள். 1964இல் பிறகு பார்க்கலாம் என்று மிச்சம் வைத்த 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாக, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். 1971 போரின்போது பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயிருந்தன. கொழும்பைத் தன் பக்கம் வைத்திருக்க வேண்டிய தேவை டெல்லிக்குக் கூடியிருந்தது. தீவுக்காக நடந்த கூட்டங்களில் நூறில் ஒன்றாவது இந்த ஒன்றரை லட்சம் பேருக்காக நடந்திருந்தால் நாங்கள் இதை எழுத மாட்டோம்.

1983 கலவரத்துக்குப் பிறகு எல்லாம் மாறியது. 1984இல் கப்பலும் நின்றுபோனது. அதற்குள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துவிட்டிருந்தார்கள். 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் படிக்கும்போது, அதோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களையும் சேர்த்துப் படியுங்கள். இந்திய நலனுக்கு எதிராகத் திருகோணமலையை எந்த நாட்டின் ராணுவத்துக்கும் கொடுக்கக் கூடாது, அங்குள்ள எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாக நடத்த வேண்டும், வெளிநாட்டு வானொலி நிறுவனங்களோடு செய்த ஒப்பந்தங்களை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தமிழர் பிரச்சினையும் துறைமுகமும் ஒரே மேசையில் வைத்துப் பேசப்பட்டன. 1964இலும் அதுதான் நடந்தது. இந்த முறை ராணுவமும் போனது.

அந்த ராணுவத்தில் மகர் படைப்பிரிவும் இருந்தது. தீண்டத்தகாதவர் என்று சொல்லி ராணுவத்தில் மூடப்பட்ட கதவைத் திறக்கச் சொல்லி அம்பேத்கர் போராடியதன் பலனாக 1941இல் உருவான பிரிவு அது. அதன் எட்டாவது அணியின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் கொல்லப்பட்டார். பரம்வீர் சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது. அந்தப் போருக்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபரில், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைந்து மருத்துவர்களையும் செவிலியர்களையும் நோயாளிகளையும் சுட்டுக் கொன்றது. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுவது சிலருக்குப் பிடிக்காது. உரிமைக்காகத் திறந்த கதவு, யாரோ முடிவு செய்த போருக்குள் திறக்கும்போது இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது சுமார் 1,200 வீரர்கள் செத்திருந்தார்கள். ஈழத்து மக்களின் சாவை இதுபோல் ஒரு வட்டமான எண்ணில் சொல்ல முடியாது.

பூந்தமல்லி இங்கேதான் வருகிறது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். வழக்கை விசாரித்த தனி நீதிமன்றம் பூந்தமல்லியில் இருந்தது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்று அது தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை வெளியே விட்டது. சிறப்பு முகாம் என்ற பெயரில் ஈழ அகதிகளை அடைத்து வைத்த இடங்களில் ஒன்றும் பூந்தமல்லி. தடா, சிறப்பு முகாம், கியூ பிரிவு என்ற சொற்களெல்லாம் நம் வட்டாரத்துக்குப் பேருந்து நிறுத்தத்தின் பெயர் போலப் பழகிவிட்டன. ஆனால் அகதி முகாம்களில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் மலையக வம்சத்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1977 கலவரத்திலும் அதற்குப் பிறகும் மலையிலிருந்து விரட்டப்பட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு திருத்தி வாழ்ந்தவர்கள், அங்கும் போர் வந்தபோது படகில் இங்கே வந்தார்கள். கப்பலில் வந்தவர் 'தாயகம் திரும்பியவர்'. படகில் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. இருவருடைய பாட்டனும் ஒரே சேரியிலிருந்து போனவராகக்கூட இருக்கலாம்.

இலங்கை 2003இல் சட்டம் போட்டுத் தன் மண்ணில் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. இந்தியப் பக்கத்தில் கணக்கு இன்னும் முடியவில்லை. 2019 ஜூனில் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருக்கும் மலையக வம்சத்தவர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளின் பெயர் அதில் இருக்கிறது. இலங்கை இல்லை. பக்கத்து நாட்டில் துன்பப்படுகிறவர்களுக்காக என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம், டெல்லியே எண்ணி எழுதிக் கையெழுத்திட்ட மக்களின் உறவினர்களை மறந்துவிட்டது.

நீலகிரியில் 2022 அக்டோபரில் டான்டீ தோட்ட நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்கத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. கழகம் நட்டத்தில் ஓடுகிறது என்பது காரணம். தோட்டக் குடியிருப்பு வேலையில் இருக்கிறவரைக்கும்தான். ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். இரண்டு தலைமுறையாக அந்த மண்ணில் கொழுந்து பறித்தவர்களுக்கு அந்த வீட்டுக்கும் பட்டா இல்லை. பட்டா வாங்கவே நேரம் பத்தவில்லை என்ற தம்பியிடம் கூடலூருக்கு ஒருமுறை சேர்ந்து போகலாம் என்று சொல்லியிருக்கிறோம். வருகிறேன் என்றிருக்கிறார்.